தற்காலிகம் என்று நான் எழுதிய மூன்றாம் வரி

வரும் திங்கட்கிழமை முதல் நான் மாடியில், வேறு பிரிவில் உட்காருவேன். தரைத்தளத்தில் ஜன்னலோரம் இருக்கும் இந்த மேசையும் இரண்டு திரைகளும், சுவரில் ஒட்டிய கோபுரப் பட்டியலும் உங்களுக்கு வருகின்றன. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் நேற்று என்னிடம் ஒன்றைத்தான் கேட்டீர்கள்: எந்தக் கையேட்டை முதலில் படிக்க வேண்டும்? எதை வேண்டுமானாலும் படியுங்கள். எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டவை. பாதியை நானே எழுதினேன். அவற்றில் இல்லாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எட்டு வருடம் இந்த மேசையில் இருந்திருக்கிறேன். ஓய்வு பெறுகிறவர்கள் எழுதுவது போல அனுபவம் எழுத எனக்கு வயது போதாது. ஆனால் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் முழுதாக இறங்கவில்லை. அது இறங்கிவிடும் முன்பே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் வேலை என்ன என்று வீட்டில் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ தெரியாது. என் அம்மா அக்கம்பக்கத்தில் எனக்கு ‘செல் டவர் ரிப்பேர்’ என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. உண்மையான வேலை இது: கைப்பேசி நிறுவனங்கள் நாள் முழுவதும் ஒன்றையொன்று சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இந்த எண் உங்களுடையதா? இந்த எண்ணுக்கு வந்த குறுஞ்செய்தியை எங்கே அனுப்புவது? இந்த எண் இப்போது எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது? பதில் சொல்லும் இயந்திரத்துக்குச் சந்தேகப்படத் தெரியாது. யார் கேட்டாலும் சொல்லிவிடும். அதனால் அதற்கு முன்னால் ஒரு வாசல் வைத்திருக்கிறோம். உள்ளே வரும் ஒவ்வொரு கேள்வியையும் அந்த வாசலில் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டங்கள். யார் கேட்கிறார், என்ன வகைக் கேள்வி, யாரைப் பற்றி, விடுவதா நிறுத்துவதா. மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே இருப்பவை படிக்கப்படாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றாவது வகைக் கேள்வியை, அதாவது ‘எந்தக் கோபுரத்தின் கீழ்’ என்பதை, வெளியிலிருந்து கேட்க யாருக்கும் வேலை இல்லை. நான் சேர்ந்த முதல் வருடத்திலேயே அதற்கு ஒரு வரி எழுதினேன். வெளியார் யார் கேட்டாலும் நிறுத்து. பட்டியலில் நாற்பதாவது வரி. தினமும் ஐந்தாறு கேள்விகள் அதில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். மாலை அறிக்கையில் அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு நாள் மாலை தொலைபேசி வந்தது. அவர்கள் கேள்விகளை அனுப்பும் நெட்வொர்க் முகவரியை மாற்றியிருந்தார்கள். அந்த முகவரி நம் பட்டியலில் இல்லை. அதனால் அவர்கள் கேள்விகள் நின்றன, செய்திகள் போகவில்லை. பேசியவர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஒரு கிளினிக்கில் மறுநாள் டாக்டர் இல்லை என்று நோயாளிகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அது போகாவிட்டால் காலையில் ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்பார்கள் என்றார். “நீங்க கொஞ்சம் பாத்து விட்டீங்கன்னா போதும் மேடம்” என்று மூன்று முறை சொன்னார்.

மேலிடத்து ஒப்புதலும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. நான் விதிவிலக்காக ஒரு வரி எழுதினேன். விதிவிலக்குகள் எப்போதும் பட்டியலின் தலையில்தான் போகும். இது மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தது. யார் கேட்கிறார்: அந்த நிறுவனத்தின் புதிய முகவரி. யாரைப் பற்றி: நம் எண்கள் எல்லாம். விடு. குறிப்பில் ‘தற்காலிகம், மூன்று மாதம்’ என்று போட்டேன். ‘என்ன வகைக் கேள்வி’ என்ற கட்டம் மிச்சம் இருந்தது. அவர்களுக்கு வேண்டியது இரண்டாவது வகைக் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதிலும் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. அவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று திரும்பக் கேட்டால் பதில் வர மறுநாள் ஆகும். அந்தக் கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். நட்சத்திரம் என்றால் எந்தக் கேள்வியும்.

கிளினிக்கின் செய்திகள் போயின. அவர் நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பினார்.

நான் பட்டியல் போடுகிறவள் என்பது உங்களுக்கும் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். விதிவிலக்குகளைச் சரிபார்க்க ஒரு வெள்ளிக்கிழமைப் பட்டியல் வைத்திருந்தேன். கேட்டவர் பெயர் உண்டா, ஒப்புதல் எண் உண்டா, முடியும் தேதி உண்டா, தேதி கடந்துவிட்டதா. நான்கும் சரியென்றால் பச்சை. மூன்றாம் வரி எல்லா வெள்ளிக்கிழமையும் பச்சையாகவே இருந்தது. நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று என் பட்டியல் கேட்கவில்லை. பட்டியல் கேட்காததை நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. நாற்பதாவது வரியில் வந்து முட்டும் கேள்விகள் குறைந்தன. ஐந்து, இரண்டு, பிறகு பூஜ்யம். ஒரு மாதம் முழுவதும் பூஜ்யம். மாதக் கூட்டத்தில் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். வெளியார் முயற்சியையே கைவிட்டுவிட்டார்கள் என்று விளக்கமும் சொன்னேன். எங்கள் குழுத் தலைவர் பாஸ்கர் சார் கை தட்டினார். அன்று மாலை எல்லாருக்கும் என் செலவில் முட்டை பப்ஸ்.

நம் வாசல் எழுதி வைப்பது நிறுத்திய கேள்விகளை மட்டும்தான். விட்ட கேள்விகளுக்கு இங்கே தடம் கிடையாது. அன்று அந்த அறையில் இருந்த ஒன்பது பேருக்கும் இது தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை.

சகாயராஜை நீங்கள் கேன்டீனில் பார்த்திருப்பீர்கள். மாடியில், பதில் சொல்லும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறான். என்னோடு சேர்ந்தவன், என் வயது. அந்தப் புதன்கிழமை அவர்கள் இயந்திரத்துக்கு எவ்வளவு சுமை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். பதினொரு மணிக்குக் கையில் ஒரு தாளோடு இறங்கி வந்து என் மேசைக்கு எதிரே நின்றான்.

“என்னா செல்வி, அந்த பப்ஸ திருப்பிக் குடுத்துரட்டா?”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தாளை வைத்தான். ‘எந்தக் கோபுரத்தின் கீழ்’ என்ற கேள்வி வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருக்கிறது. அவன் இயந்திரம் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொரு நாட்களாக. எல்லாமே மூன்றாம் வரியின் முகவரியிலிருந்து. எல்லாமே ஒரே ஒரு எண்ணைப் பற்றி.

முதலில் நான் செய்தது அசட்டுத்தனம். நாற்பதாவது வரியைத் திறந்து, அது இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. நான் எழுதியபடியே இருந்தது. அதில் கடைசி நாட்களில் முட்டி நின்றவையும் இதே எண்ணைப் பற்றியவைதான். மூன்றாம் வரியில் பொருந்திவிட்ட கேள்வி நாற்பதுக்கு வரவே வராது என்று நானே இரண்டு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

தாளில் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் கோபுர எண் இருந்தது. சுவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஊர்க் கோபுரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பகலில் பெரும்பாலும் பெரிய மார்க்கெட் பக்கம். வாரம் ஒருநாள் மட்டும் அங்கே இல்லை, அது புதன்கிழமை. இரவுகளில் முதல் இரண்டு வாரம் நெல்லித்தோப்பு. பிறகு வைத்திக்குப்பம். கடைசிப் பத்து நாட்களாகக் கோரிமேடு. யாரோ ஒருவர் வேலைக்குப் போய் வருகிறார், புதன்கிழமை விடுமுறை, ஆறு வாரத்தில் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறார். பெயர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. அவ்வளவையும் ஒரு நிமிடத்தில் படித்துவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. வழக்கமாகக் கேள்விகள் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. இரவில் தங்கும் கோபுரம் மாறிய உடனே பத்து நிமிடத்துக்கு ஒன்றாகிறது. மூன்று நான்கு நாள் அப்படியே. பிறகு திரும்ப மணிக்கு ஒன்று. கண்டுபிடித்த பிறகு அவசரம் குறைந்துவிடுகிறது.

பாஸ்கர் சாரைக் கூப்பிட்டேன். வந்தார், நின்றபடியே படித்தார், உட்கார்ந்துவிட்டார்.

இங்கே நான் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். பகல் நேரத்தில் விதிகளை மாற்றக் கூடாது என்பது நம் கட்டுப்பாடு. முன்பு ஒருவர் மதியம் ஒரு வரியைத் தவறாக மாற்றி, பாதி ஊருக்குக் குறுஞ்செய்தி நின்றுபோனதால் வந்த கட்டுப்பாடு, காரணம் சரியானதுதான். மாற்றங்கள் காலை ஆறு மணிக்கு மட்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார் பாஸ்கர் சார். இப்போதே எடுத்தால் அந்த நிறுவனம் அனுப்பும் எல்லாச் செய்திகளும் நிற்கும். கிளினிக், பள்ளிக்கூடம், வங்கி எல்லாம். அவர் சொன்னதிலும் தவறில்லை.

நான் அதைவிட மோசமாகச் சொன்னேன். எடுக்கவே வேண்டாம், திறந்தே இருக்கட்டும், கேட்பவர்களுக்குச் சந்தேகம் வராமல் ஆதாரம் சேர்க்கலாம் என்றேன். “இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பாத்தா முழு பேட்டர்னும் கெடைக்கும் சார்.” இந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. நிதானமாக, நல்ல உத்தியோகக் குரலில் வந்தது.

சகாயராஜ் எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. என் இரண்டாவது திரையில் அவன் கணக்கைத் திறந்து, வரும் கேள்விகளை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்றேகால் வரை மணிக்கு ஒன்றாக இருந்தது திடீரென்று ஐந்து நிமிடத்துக்கு ஒன்றானது. பிறகு நிமிடத்துக்கு ஒன்று. பதில்களும் மாறிக்கொண்டிருந்தன. கோரிமேடு. நகரத்துக்கு வரும் சாலையில் அடுத்த கோபுரம். அதற்கடுத்தது. அன்று புதன்கிழமை. அந்த எண் மார்க்கெட்டுக்குப் போகவில்லை; நெல்லித்தோப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவன் திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னான்.

“பேட்டர்ன் இப்ப பஸ்ல போயிட்டிருக்குது செல்வி. பின்னாலயே ஒருத்தன் வரான்.”

நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். இன்னொரு கேள்வி வந்தது. நம் இயந்திரம் பதில் சொன்னது. இன்னொன்று வந்தது. பதில் சொன்னது. என் எட்டு வருடத்தில் அந்த மாதிரி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஒன்றும் பழுதாகவில்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, எல்லாம் வடிவமைத்தபடி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வரியை எடுப்பதா, விட்டுவைப்பதா, நாளை எடுப்பதா என்று மூன்று வழிகளை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் வரியைத் தொடவே வேண்டியதில்லை. அதற்கு மேலே ஒரு வரி போதும். அதே முகவரி, இந்த ஒரு வகைக் கேள்வி மட்டும், நிறுத்து. கிளினிக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்றும் ஆகாது. முதல் நாள் இந்த வேலையைக் கற்றவர்கூடச் சொல்லும் பதில். பயந்துபோனதால் எனக்குத் தோன்றவில்லை. பயத்தை நிதானம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒப்புதல் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். கேட்கவில்லை. எழுதினேன், இரண்டு முறை படித்தேன், ஏற்றினேன். பாஸ்கர் சார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அவர் அன்று செய்த பெரிய காரியம் அது. மொத்தம் நாற்பது விநாடி. மூன்றாம் வரியை எழுதிய அன்றே இந்த நாற்பது விநாடி என்னிடம் இருந்தது.

அடுத்த கேள்வி வந்தது. நின்றது. அடுத்தது வந்தது. நின்றது. பிறகு விநாடிக்கு ஒன்றாக வந்து முட்டியது, ஒருவன் கதவைத் தட்டுவது போல. பதினேழு எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை.

அந்த எண்ணுக்குரியவர் யார் என்பது நம் மேசைக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நெட்வொர்க்கின் பாதுகாப்பு அதிகாரிக்கு விவரம் சொன்னோம். அவர் சென்னையிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மதியம் இரண்டு மணி வரை எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த எண் நெல்லித்தோப்புக்கு வந்துவிட்டது, அதைத் தேடியவனும் அங்கேதான் எங்கோ இருக்க வேண்டும், தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன். சகாயராஜ் மாடிக்குப் போகாமல் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

நான்கு மணிக்கு அதிகாரி கூப்பிட்டார். அது ஒரு பெண்ணின் எண். தெரியாத எண்களை எடுப்பதில்லை. அவர் விட்டு விலகி வந்த கணவன் புதிய எண்களிலிருந்து கூப்பிடுவானாம். அதிகாரி அனுப்பிய குறுஞ்செய்தியையும் அவன் வேலை என்று நினைத்திருக்கிறார். சிம் அட்டையின் உறையில் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு என் பெயரைக் கேளுங்கள் என்று அதிகாரி எழுதிய பிறகுதான் கூப்பிட்டிருக்கிறார். பத்திரமாக இருக்கிறார் என்றார். நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் நம் அலுவலகத்துக்கு வந்தார். காவல்துறையில் புகார் கொடுத்திருந்தார். குறுஞ்செய்தி நிறுவனத்துக்குள் யாரோ காசு வாங்கிக்கொண்டு கணவனுக்கு வழி செய்து கொடுத்தது அதற்குள் தெரிந்திருந்தது. எங்களிடமிருந்து சில விவரங்கள் வேண்டியிருந்தன. அதிகாரியும் வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மார்க்கெட் பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டீ வந்தது, தொடவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர்தான் சொன்னார். நெல்லித்தோப்பில் பழைய வீட்டுக்காரரிடம் சில பாத்திரங்கள் விட்டு வந்திருந்தாராம், அதை எடுக்கப் போயிருக்கிறார். தெருவுக்குள் திரும்பும்போது எதிர்மூலையில் கணவன் நிற்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து மாவு மில்லுக்குள் நுழைந்து கதவு மறைவில் நின்றுவிட்டார்.

“பத்தடிதான் இருக்கும். அவன் நிமிந்தே பாக்கல மேடம். போனையே பாத்துட்டிருக்கான். தட்டுறான், ஆட்டுறான், மறுபடியும் பாக்குறான். தலையத் தூக்கியிருந்தா நான் தெரிஞ்சிருப்பேன். தூக்கவே இல்ல. போன் சொல்லணும்னே நின்னுட்டிருந்தான். அப்புறம் போயிட்டான்.”

அந்தக் கதவுக்கு வெளியே அவன் தட்டிய ஒவ்வொரு தட்டும் என் திரையில் வந்து நின்றது எனக்குத் தெரியும். நிமிடக் கணக்கில் ஒத்துப்போகிறது. பஸ் நெல்லித்தோப்பில் நின்ற நான்காவது நிமிடத்தில் நான் அந்த வரியை ஏற்றியிருக்கிறேன்.

அவர் கேட்டார்: “எத்தினி நாளா இது?”

பாஸ்கர் சார் அதிகாரியைப் பார்த்தார். நான் சொன்னேன், நாற்பத்தொரு நாள்.

அவர் விரல்விட்டு எதையோ பின்னோக்கி எண்ணினார். முகம் மாறிக்கொண்டே வந்தது. நாங்கள் சத்தத்தை எதிர்பார்த்தோம். திட்டுவார் என்று நினைத்தோம். திட்ட உரிமை உண்டு. அவர் மிக மெதுவாகக் கேட்டார்.

“அப்போ என் தங்கச்சி சொல்லல?”

யாருக்கும் புரியவில்லை. அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். நெல்லித்தோப்பு வீட்டைக் கணவன் கண்டுபிடித்ததும், வைத்திக்குப்பத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கைக்கும் தங்கை புருஷனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் காலை, கரையில் இழுத்துப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே அவன் நின்றுகொண்டிருந்தான். தங்கை குழந்தைகள் எதிரிலேயே, நீதான் என்னைக் காட்டிக்கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார். அவள் இல்லை என்று அழுதிருக்கிறாள். நம்பவில்லை. கோரிமேட்டுக்குக் குடிபோனபோதும், அவ்வளவு சண்டைக்குப் பிறகும், தங்கை தன் புருஷனை அனுப்பிப் பெட்டியைக் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறாள். அங்கேயும் நான்காம் நாள் அவன் வந்து நின்றான். அந்த வீடு தெரிந்தவர்கள் அவர்கள்தானே? போன் போட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லி, தங்கையின் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

“சின்னப்புள்ளையிலேர்ந்து அவ எங்கிட்ட பொய் சொன்னதில்ல மேடம். ஆனா வேற யார் சொல்லியிருக்க முடியும்? நீங்களே சொல்லுங்க, நான் வேற யார நெனைக்கிறது?”

நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மூன்றடி தள்ளி என் திரையில் அந்த மூன்றாம் வரி இருந்தது. ஆபத்தைப் பற்றி நான் யோசித்திருந்தேன். என்ன நடந்திருக்கும் என்று பல இரவு யோசித்திருந்தேன். இதை யோசிக்கவே இல்லை. நம் இயந்திரம் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் அங்கே ஒரு மனுஷி குற்றவாளியாக நின்றிருக்கிறாள்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். இதை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்றார்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். அறிக்கை காவல்துறைக்குப் போகும், தனியாகக் கடிதம் தர முடியாது, சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளாது. அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நான் போய் வாயால சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனைப்பா. எங்கப்பா எதுன்னாலும் நோத்தேர்கிட்ட எழுதி வச்சாத்தான் ஒத்துக்குவாரு. அவளும் அப்படியே.” பத்திரம் எழுதுபவரை, பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில், இங்கே பழைய வீடுகளில் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். “எனக்கு கேஸுக்கு வேணாம் மேடம். அவளுக்குக் காட்டணும்.”

எங்கள் அறிக்கை இருபத்திரண்டு பக்கம். நானே எழுதியது. முகவரி, நேரம், வரி எண், மாற்றம், எல்லாம் இருந்தது. அவருக்கு வேண்டிய வாக்கியம் அதில் எங்கும் இல்லை.

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். ‘இவருடைய கைப்பேசி இருக்கும் இடத்தை நாற்பத்தொரு நாட்கள் வெளியாருக்குச் சொன்னது எங்கள் இயந்திரம். அதற்கு வழி திறந்தது நான் எழுதிய ஒரு வரி. இவருடைய தங்கைக்கும் அவர் கணவருக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை.’ அதிகாரி ஏதோ சொல்ல வந்தார். பாஸ்கர் சார் எழுந்து, ஏசி சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார். அறை நன்றாகக் குளிர்ந்துதான் இருந்தது.

அந்தப் பெண் தாளை இரண்டு முறை படித்தார். “தங்கைன்னு போடாதீங்க. அவ பேரப் போடுங்க.” அடித்துவிட்டுப் பெயர் எழுதினேன். “கீழ உங்க பேரு.” அதையும் எழுதினேன். தாளை நான்காக மடித்துக் கைப்பையின் உள்பையில் வைத்தார். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒப்புதல் இல்லாமல் பகலில் விதியை மாற்றியதற்கு. அந்தத் தாளைப் பற்றி யாரும் எழுதவில்லை. நட்சத்திரம் போட்டதற்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் அது விதிமுறைக்கு உட்பட்டே இருந்தது. இப்போது வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஐந்தாவது கேள்வி இருக்கிறது, நட்சத்திரம் உள்ளதா என்று. விட்ட கேள்விகளும் பதிவாகின்றன. தினமும் காலை அரை மணி நேரம் அவற்றைப் படியுங்கள். சலிப்பான வேலை. எந்த எண்ணிக்கையாவது பூஜ்யத்துக்கு இறங்கினால் யாருக்கும் பப்ஸ் வாங்கித் தராதீர்கள். மாடிக்குப் போய் அங்கே என்ன எண் காட்டுகிறது என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அதற்காகத்தான் இவ்வளவும்.

அவர் வந்து போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு மதியம், வேலை குறைவு. பழுது பார்ப்பதற்காக இந்த மேசையின் கணக்குக்கு ஓர் உரிமை இருந்தது: எந்த எண்ணைப் பற்றியும் ‘எந்தக் கோபுரத்தின் கீழ்’ என்று நாமே உள்ளிருந்து கேட்கலாம். வாசலில் நிற்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் எண் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. கேட்டால் இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். கோரிமேடா, வைத்திக்குப்பமா. தாளைப் பார்த்துத் தங்கை வீட்டுக்குள் விட்டாளா இல்லையா. எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் கேட்கப் போகிறேன் என்றும் தோன்றியது. பத்து இலக்கத்தில் ஏழு இலக்கம் தட்டியிருந்தேன்.

திரையில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அவன் கேட்ட கேள்வி மாதிரியே இருந்தது. ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

ஏழு இலக்கத்தையும் அழித்தேன். மாடிக்குப் போய்ச் சகாயராஜிடம், எங்கள் மேசைக் கணக்கிலிருந்து அந்த உரிமையை எடுத்துவிடச் சொன்னேன். அவன் காரணம் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “ஏன், யாரையாச்சும் தேடணுமா?” என்றான்.

“ஆமா,” என்றேன். “அதனாலதான்.”

அவன் அப்போதே எடுத்துவிட்டான். உங்கள் நான்கு பேர் கணக்கிலும் அது இருக்காது. கையேட்டில் ஒரு பக்கம் அதைப் பற்றி இன்னும் இருக்கிறது, அழிக்க மறந்துவிட்டார்கள். படித்துவிட்டு, எங்களுக்கு மட்டும் ஏன் அந்த வசதி இல்லை என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்தத் தாள் வைத்திக்குப்பம் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்று வரை தெரியாது.